ஆட்டம் முடிந்தபின் எந்த வழி? கிரஹாம் பாட்டர் போனதும் மற்றவர்கள் போனதும்

கிரஹாம் பாட்டர் 2005-ல் கால்பந்து ஆட்டத்தை விட்டபோது அவருக்கு வயது 30. இங்கிலாந்தின் சோலிஹல்லில் பிறந்த இடது பின்கள ஆட்டக்காரர். பர்மிங்ஹாம் சிட்டி, ஸ்டோக், சவுத்தாம்டன், வெஸ்ட் பிராம், யார்க், பாஸ்டன் யுனைடெட், மேக்கிள்ஸ்ஃபீல்டு என்று கிளப் கிளப்பாக மாறியவர். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் அவர் ஆடியது 1996-97 சீசனில் சவுத்தாம்டனுக்காக எட்டே ஆட்டங்கள். அப்படிப்பட்டவரைப் பயிற்சியாளராக வாருங்கள் என்று எந்தக் கிளப்பும் தேடி வந்து அழைக்காது. அழைக்கவும் இல்லை.

இங்கிலாந்து அணியின் நட்சத்திரங்களான ஸ்டீவன் ஜெரார்டு, ஃபிராங்க் லாம்பார்டு, வெய்ன் ரூனி ஆகியோரின் நிலை வேறு. ஆடும்போதே அவர்களுக்கு வேலை காத்திருந்தது. ஆனாலும் 32, 33 வயதில் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும் எந்த ஆங்கிலேய ஆட்டக்காரருக்கும் முன்னால் இருக்கும் வழிகள் ஏறக்குறைய இவைதான்: நேராக ஒரு கிளப்பின் மூத்தோர் அணி, அதாவது முதன்மை அணியின் மேலாளர் நாற்காலி, பழைய கிளப்பின் இளையோர் அகாடமி, யாராவது ஒருவருக்கு உதவிப் பயிற்சியாளர், கீழ்ப்பிரிவுச் சிறிய கிளப், வெளிநாடு. எதில் சம்பளம் அதிகம், எதில் பெயர் வரும் என்பதை வைத்துத்தான் பலரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றால் அந்த இடத்தில் நம்மை வைத்திருப்பார்களா என்பதே. பயிற்சியாளர் வேலை தோற்றுத்தான் பிடிபடும். தோற்க இடம் கொடுக்காத இடத்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

எந்த வழியில் போனாலும் உரிமம் வேண்டும்

ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபாவின் உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்று வரிசையாக ஏறும். இங்கிலாந்தில் இவற்றை நடத்துவது கால்பந்துச் சங்கம். மேல்நிலைப் படிப்புகளின் மையம் பர்டன் நகருக்கு அருகே 2012-ல் திறந்த செயின்ட் ஜார்ஜஸ் பார்க். புரோ உரிமம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுப் படிப்பு. பிரீமியர் லீக் மேலாளரிடம் அது இருக்க வேண்டும், அல்லது அவர் அதைப் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே பி-யை முடித்து ஏ-யைத் தொடங்கிவிடுவது நல்லது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் உறுப்பினர்களின் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஆனால் பலர் மாட்டிக்கொள்வது கட்டணத்தில் இல்லை. பி-யும் ஏ-யும் வகுப்பில் உட்கார்ந்து வாங்கும் சான்றிதழ்கள் அல்ல. நீங்கள் ஓர் அணிக்குப் பயிற்சி கொடுப்பதை மதிப்பீட்டாளர் மைதானத்துக்கே வந்து பார்ப்பார். கையில் அணி இல்லாதவர் படிப்பை முடிக்க முடியாது. ஓய்வு பெற்று ஓராண்டு சும்மா இருந்துவிட்டு அதன்பின் உரிமத்தைப் பற்றி நினைப்பவர்கள் இங்கேதான் இரண்டு ஆண்டுகளை இழக்கிறார்கள்.

உரிமம் இல்லாமலும் சிலர் நாற்காலியில் உட்கார்ந்ததுண்டு. 2006-ல் மிடில்ஸ்பரோ, அதே சீசன் வரை தன் அணித் தலைவராக ஆடிய கேரத் சவுத்கேட்டை மேலாளராக்கியபோது அவரிடம் தேவையான தகுதி இல்லை. சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்த வில் ஸ்டில், புரோ உரிமம் இல்லாமல் பிரான்சின் ரைம்ஸ் அணியை நடத்தியபோது கிளப் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது. ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படிப் பணம் கட்டி உங்களை வைத்துக்கொள்ளும் கிளப் அபூர்வம்.

நேராக நாற்காலிக்கு

லாம்பார்டு 2017 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். 2018 மே மாதம் டெர்பி கவுண்டியின் மேலாளர். சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் பிரிவில் லீக் ஆட்டங்கள் மட்டும் 46. அதோடு இரண்டு கோப்பைப் போட்டிகள். சனிக்கிழமை ஆட்டம், செவ்வாய்க்கிழமை ஆட்டம், மறுபடி சனிக்கிழமை. நடுவில் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் லேசான ஓட்டம், ஒரு நாள் எதிரணியைப் பற்றிய பாடம். புதிய பயிற்சி முறையை முயன்று பார்க்க வாரத்தில் முழுதாக ஒரு நாள் மிஞ்சினால் அதிர்ஷ்டம். முதல் வேலையாக இதை எடுப்பவர், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே வைத்துச் சமாளிக்கிறார்.

லாம்பார்டு சமாளித்தார். செல்சியிலிருந்து மேசன் மவுன்ட், ஃபிகாயோ டொமோரி, லிவர்பூலிலிருந்து ஹாரி வில்சன் என்று நல்ல இளைஞர்களைக் கடனாகக் கொண்டுவந்தார். அணி ஆறாம் இடம், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 தோல்வி. பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. முந்தைய சீசனிலும் டெர்பி ஆறாம் இடம்தான் என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை. 2019 ஜூலையில் செல்சி அழைத்தது. அப்போது கிளப்புக்கு ஆட்டக்காரர் வாங்கத் தடை, எதிர்பார்ப்பு குறைவு, நான்காம் இடம் பிடித்தார். அடுத்த சீசனுக்கு ஹாவெர்ட்ஸ், வெர்னர், சில்வெல் என்று பெரும்பணம் செலவானது. எதிர்பார்ப்பும் அதோடு ஏறியது. 2021 ஜனவரி 25-ல், அணி ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது நீக்கப்பட்டார். அதே அணியை வைத்துத் தாமஸ் டூஹெல் அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக் வென்றார். பிறகு எவர்டனில் ஓராண்டுக்கும் குறைவு. 2023-ல் மறுபடி செல்சியில் இடைக்காலப் பொறுப்பு: 11 ஆட்டம், ஒரே வெற்றி, எட்டுத் தோல்வி.

அதன்பின் ஒன்றரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு, 2024 நவம்பரில் கவன்ட்ரிக்குப் போனார். 17-ஆம் இடத்தில் இருந்த அணியை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றினார். தனக்கு வேண்டிய உதவியாளர்கள், மிதமான எதிர்பார்ப்பு, பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அணி. 40 வயதில் கிடைத்திருக்க வேண்டிய வேலை அவருக்கு 46 வயதில் கிடைத்தது என்பதே என் கணிப்பு.

ரூனியின் கதையில், அவர் டெர்பியின் மேலாளராக இருந்ததைப் பலரும் தோல்வி என்கிறார்கள். அது தவறு. கிளப் திவாலாகி 2021-22-ல் மொத்தம் 21 புள்ளிகள் பறிக்கப்பட்டன; புள்ளி பறிப்பு இல்லாவிட்டால் அந்த அணி பிரிவில் நீடித்திருக்கும். ஆட்டக்காரர் வாங்க முடியாத, சம்பளமே சந்தேகமான சூழலில் அவர் உடைமாற்றும் அறையைச் சிதறாமல் வைத்திருந்தார். அவர் செய்த தவறான தேர்வு 2023 அக்டோபரில் பர்மிங்ஹாம் சிட்டி. மேலாளர் ஜான் யூஸ்டஸின் கீழ் அணி ஆறாம் இடத்தில் இருந்தது. உரிமையாளர்களுக்கு இன்னும் தாக்குதலான ஆட்டம் வேண்டும் என்ற ஆசை; யூஸ்டஸை அனுப்பிவிட்டு ரூனியைக் கொண்டுவந்தார்கள். சீசன் நடுவில், ஆட்டக்காரர் வாங்கும் காலம் முடிந்திருக்கும்போது, பின்னால் திரண்டு நின்று வேகமாகப் பாய்வதற்கென்று சேர்க்கப்பட்ட அணியை முன்னால் ஏறி அழுத்த வைப்பது அனுபவசாலிக்கே கடினம். 15 ஆட்டம், இரண்டு வெற்றி, 20-ஆம் இடம். 2024 ஜனவரி 2-ல் முடிந்தது. நன்றாகப் போகும் அணியின் மேலாளரை நீக்கிவிட்டு உங்களை அழைக்கிறார்கள் என்றால், உங்களிடம் கேட்கப்படுவது அவர் செய்ததைவிட அதிகம். பொறுமையோ அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவில் 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு மேலாளராகப் போனது இந்த வகையின் உச்சம். கிளப் உரிமையாளர் பீட்டர் லிம் அவருடைய தொழில் கூட்டாளி. இங்கிலாந்து அணியில் ராய் ஹாட்ஜ்சனின் உதவியாளராக இருந்த அனுபவம் உண்டு. தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் ஒரு கிளப்பில் தினமும் காலையில் பயிற்சி நடத்திய பழக்கம் இல்லை, ஸ்பானிய மொழி இல்லை, சீசன் பாதியில் நுழைவு. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் வெற்றியே இல்லை. கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 7-0. நான்கு மாதத்தில் வீட்டுக்கு. ஆட்டத்தைப் புரிந்துகொள்வது ஒரு திறமை. புரிந்ததை 25 பேர் காலுக்குக் கொண்டுபோவது வேறு திறமை. இரண்டாவது, தினமும் செய்தால் மட்டுமே வரும்.

அகாடமி

ஜெரார்டு இதைச் சரியாகக் கணித்தார். லிவர்பூலுக்கு 710 ஆட்டம் ஆடியவருக்கு 2016-ல் எம்.கே. டான்ஸ் மேலாளர் வேலை பற்றிப் பேச்சு வந்தபோது, இன்னும் நேரம் வரவில்லை என்று விலகிக்கொண்டார். 2017-ல் லிவர்பூல் அகாடமிக்குப் போய் 18 வயதுக்குட்பட்டோர் அணியை எடுத்தார்.

எந்த வயது அணி என்பது முக்கியம். மூத்தோர் அணியை நோக்கிப் போகிறவருக்கு 18 வயதுக்குட்பட்டோர் அணிதான் சரி. 12 வயதுச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது உயர்ந்த வேலை, ஆனால் அது வேறு தொழில். 21 வயதுக்குட்பட்டோர் அணி கேட்கப் பெரிதாக இருக்கும்; உள்ளே ஒரு சிக்கல். மூத்தோர் அணியில் ஒருவருக்குத் தசைப்பிடிப்பு என்றால் வியாழக்கிழமை உங்கள் நடுக்கள ஆட்டக்காரர் மேலே போய்விடுவார். காயத்திலிருந்து மீளும் 29 வயதுக்காரர் ஒருவர் 60 நிமிடம் ஓடுவதற்காகக் கீழே வருவார். இன்னும் மூவர் ஜனவரியில் கடனாக வெளியே போவார்கள். ஒரே அணியை மூன்று வாரம் தொடர்ந்து நிறுத்த முடியாது. 18 வயது அணியில் இந்த இழுபறி குறைவு. ஒரு முறையைப் புகுத்தி, அது உடைவதைப் பார்த்து, திருத்தி, மறுபடி பார்க்கலாம். தோற்றாலும் யாரும் நீக்கமாட்டார்கள்.

ஜெரார்டு அங்கே ஒரு சீசன்தான் இருந்தார். 2018-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ். முதல் இரண்டு சீசனும் கோப்பை இல்லை. கிளாஸ்கோவில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் நிர்வாகம் வைத்துக்கொண்டது. மூன்றாவது சீசன், 2020-21: 38 ஆட்டங்களில் 32 வெற்றி, 6 சமன், தோல்வியே இல்லை, 102 புள்ளி, வாங்கிய கோல் வெறும் 13. அதே ஊர்ப் போட்டி அணியான செல்டிக் தொடர்ந்து பத்தாவது பட்டம் வெல்வதையும் தடுத்தாயிற்று. பலரும் மூன்றாம் ஆண்டை மட்டும் பேசுகிறார்கள். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவை முதல் இரண்டு ஆண்டுகள்.

இதே வழியின் பலவீனமும் ஜெரார்டிடமே தெரிகிறது. அகாடமியில் பணியாற்றிய மைக்கேல் பீல் அவரோடு ரேஞ்சர்ஸுக்கும், பிறகு ஆஸ்டன் வில்லாவுக்கும் வந்தவர். மைதானப் பயிற்சியைத் திட்டமிடுவதில் பெரும்பங்கு அவருடையது. 2022 கோடையில் பீல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு மேலாளராகப் போனார். அதே ஆண்டு அக்டோபர் 20-ல், ஃபுல்லமிடம் 3-0 தோற்ற இரவு, வில்லா ஜெரார்டை நீக்கியது. பீல் போனதுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அகாடமியில் ஓராண்டு மட்டும் இருந்துவிட்டு மேலே போகிறவர், பயிற்சித் திட்டத்தை இன்னொருவர் தோளில் ஏற்றிவிடும் ஆபத்து உண்மையானது. இரண்டு ஆண்டு இருந்து, பயிற்சி அட்டவணையைத் தானே எழுதி, தானே நடத்திப் பழகினால் அந்த ஆபத்து குறையும்.

இன்னொன்றையும் அகாடமி கற்றுக்கொடுக்காது. 31 வயதில், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒருவரை அணியிலிருந்து எடுக்கும் பேச்சை எப்படி நடத்துவது என்பது 18 வயதுக்காரர்களோடு இருந்தால் வராது.

ஸ்காட் பார்க்கர் இதே வாசலில் நுழைந்தவர். டாட்டன்ஹாமின் 18 வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு ஃபுல்லமில் முதல் அணிப் பயிற்சியாளர், 2019-ல் அங்கேயே மேலாளர். அணி 2020-ல் பிரீமியர் லீக்குக்கு மேலே, 2021-ல் மறுபடி கீழே. போர்ன்மத்தை 2022-ல் மேலே ஏற்றி, லிவர்பூலிடம் 9-0 தோற்ற மூன்றாம் நாள் வேலை போயிற்று. பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக்கில் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. பர்ன்லியில் 2024-25-ல் 100 புள்ளி, 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டுமே வாங்கி மேலே ஏற்றினார். மூன்று கிளப்பை இரண்டாம் பிரிவிலிருந்து ஏற்றியவரின் தற்காப்பு ஒழுங்கு அகாடமி நாட்களிலிருந்தே படிந்தது என்று அவர் அணிகளைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

உதவிப் பயிற்சியாளர், தேசிய இளையோர் அணி

உதவியாளராக இருப்பது பாதுகாப்பாகத் தோன்றும் வழி. மைக்கேல் காரிக் 2018-ல் ஓய்வு பெற்றதும் மான்செஸ்டர் யுனைடெட்டில் முதலில் மொரின்ஹோவிடமும், பிறகு சோல்ஷயரிடமும் இருந்தார். பெரிய அணி எப்படி இயங்குகிறது என்பதை இவ்வளவு அருகிலிருந்து வேறெங்கும் பார்க்க முடியாது. 2022 அக்டோபரில் மிடில்ஸ்பரோவை 21-ஆம் இடத்தில் எடுத்து நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த இரு சீசன்களில் எட்டு, பத்து என்று சரிந்தது; 2025 ஜூனில் முடிந்தது. உதவியாளர் வழியின் குறை, தலைமை மேலாளர் போனால் நீங்களும் போக வேண்டியிருக்கும் என்பது. முடிவெடுப்பதும் நீங்கள் அல்ல. மழையில் 70-ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தனிமை உதவியாளருக்கு வராது.

தேசிய இளையோர் அணி, தோற்றவர்களுக்கு இரண்டாம் வாசல். மிடில்ஸ்பரோ 2009-ல் கீழிறங்கி, அக்டோபரில் நான்காம் இடத்தில் இருந்தபோது சவுத்கேட் நீக்கப்பட்டார். 2013-ல் 21 வயதுக்குட்பட்டோர் இங்கிலாந்து அணி. 2016-ல் மூத்தோர் அணி. ஓர் உலகக் கோப்பை அரையிறுதி, யூரோ எனப்படும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில் இரண்டு இறுதி. லீ கார்ஸ்லி கிளப்புகளில் இடைக்காலப் பொறுப்புகளை மட்டுமே பார்த்தவர். 21 வயதுக்குட்பட்டோர் அணியை எடுத்து அந்த வயதினருக்கான 2023 யூரோவை ஒரு கோல்கூட வாங்காமலும், 2025 யூரோவையும் வென்றார். ஆனால் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். பயிற்சி நாட்களும் குறைவு. தினசரி வேலையைக் கற்க வேண்டியவருக்கு இது முதல் இடமாக இருக்கக் கூடாது.

சிறிய கிளப்: எடி ஹவ்

எடி ஹவ்வின் முழங்கால் 2007-லேயே அவரை நிறுத்திவிட்டது. போர்ன்மத்தின் இரண்டாம் அணிப் பயிற்சியாளரானார். 2008 டிசம்பர் கடைசியில் கிளப் அவரை இடைக்கால மேலாளராக்கியது. நான்காம் பிரிவு, திவால் நடவடிக்கையால் சீசனையே 17 புள்ளி குறைவாகத் தொடங்கிய அணி, லீக்கையே விட்டு வெளியே போகும் நிலை. முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. அதற்குப் பிறகும் அவருக்கே நிரந்தரப் பொறுப்பைக் கொடுத்தார்கள். வயது 31, லீக்கிலேயே இளைய மேலாளர். ஏப்ரலில் கிரிம்ஸ்பிக்கு எதிரான சொந்த மைதான ஆட்டத்தில் 2-1 என்று வென்று அணி பிழைத்தது.

அடுத்த ஆண்டு, ஆட்டக்காரர் சேர்க்கத் தடை இருந்தபோதும், மேல் பிரிவுக்கு ஏறினார்கள். வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களை மேம்படுத்துவது ஒன்றுதான் வழி. ஹவ்வின் பயிற்சி முறை முழுவதும் அந்தக் கட்டாயத்தில் உருவானது: தனி ஆட்டக்காரரோடு காணொளி, பயிற்சிக்குப் பின் தனியே வேலை, உடல் தகுதியில் விட்டுக்கொடுக்காமை. 2011-ல் பர்ன்லிக்குப் போனார்; மேலே ஏற்ற முடியவில்லை. 2012 அக்டோபரில் போர்ன்மத்துக்கே திரும்பி, 2013-ல் ஒரு பிரிவு, 2015-ல் சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக். அங்கே ஐந்து சீசன். 2020-ல் கீழிறங்கியதும் ஓராண்டுக்கு மேல் வேலை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மற்றப் பயிற்சியாளர்களின் வேலையைப் போய்ப் பார்த்தார். 2021 நவம்பரில் நியூகாசில். 2025 மார்ச் 16-ல் லிவர்பூலை 2-1 வென்று லீக் கோப்பை. 1955-க்குப் பிறகு நியூகாசில் வென்ற முதல் உள்நாட்டுக் கோப்பை அது.

இந்த வழியின் ஆபத்து பணம். நான்காம் பிரிவில் உரிமையாளர் கைவிட்டால் எல்லாம் ஒரே மாதத்தில் நின்றுவிடும். சம்பளம் தாமதமாகலாம். உதவியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஆட்டப் பகுப்பாய்வாளர் என்று மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்வார், அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்களை அங்கே தெரியுமா? ஹவ் அந்தக் கிளப்பில் வளர்ந்தவர். தோற்ற முதல் இரண்டு வாரத்தில் அவரைக் காப்பாற்றியது அந்த அறிமுகம்தான். யாரையும் தெரியாத ஊரில் கடைசி இடத்து அணியை எடுப்பது வேறு கணக்கு.

வெளிநாடு: பாட்டர் போன தூரம்

பாட்டர் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் பட்டம் முடித்தார். ஹல் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வளர்ச்சிப் பொறுப்பு. 2007 மகளிர் உலகக் கோப்பையில் கானா அணியின் தொழில்நுட்ப இயக்குநர். பிறகு லீட்ஸ் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம். அங்கே தலைமைப் பண்பும் உணர்வுசார் நுண்ணறிவும் பற்றிய முதுகலைப் படிப்பு. ஆட்டக்காரர் யாருமே தொடாத வரிசை இது. இதில் அவர் பெற்றது, தன்னை நம்பி வராதவர்களிடம் பேசும் பழக்கம். மாணவர் அணிக்கு நீங்கள் பிரீமியர் லீக்கில் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்பது பொருட்டே இல்லை.

2010 டிசம்பரில் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட் அணியை ஏற்றார். கிளப்பின் தலைவர் டேனியல் சிண்ட்பெர்க். ஏறக்குறைய 50,000 பேர் வாழும் குளிர்ப் பிரதேச நகரம்; 1996-ல் உருவான கிளப்; அப்போதுதான் நான்காம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. 2011-ல் ஓர் ஏற்றம், 2012-ல் இன்னொன்று, 2015 முடிவில் முதல் பிரிவு. பெரிய பெயர்களுக்குப் பணம் இல்லை. மற்ற இடங்களில் கழிக்கப்பட்டவர்களைச் சேர்த்தார். யார்க் விட்டுவிட்ட ஜேமி ஹாப்கட் அங்கே கோல் அடித்தார். சமான் கோடோஸ் அங்கிருந்து பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போனார். கிளப்பின் கலாச்சார அகாடமி ஆட்டக்காரர்களை மேடையேற்றி நாடகம், பாட்டு, ஒருமுறை பாலே நடனம்கூடச் செய்ய வைத்தது. பாட்டரும் சேர்ந்தே ஆடினார். கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் பின்வரிசையில் அழுத்தம் வரும்போது பந்தைத் தூக்கி அடிக்காமல் பாஸ் கொடுக்கச் சொல்லும் அணிக்கு, எல்லோர் முன்னிலையிலும் தவறு செய்யப் பயப்படாத மனம் வேண்டும். அந்தப் பயத்தைப் போக்க அது ஒரு வழி.

2017-ல் நோர்ஷோப்பிங்கை 4-1 வென்று ஸ்வீடன் கோப்பை. யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் துருக்கியின் கலாட்டாசராயை வெளியேற்றினார்கள், பிறகு கிரீஸின் பாவோக்கை. 2018 பிப்ரவரியில் ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் 3-0 தோற்றாலும், லண்டன் போய் 2-1 வென்றார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் இங்கிலாந்து அவரைக் கவனித்தது. ஏழு ஆண்டுக்கும் மேல் ஆயிற்று என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும். ஸ்வான்சி, பிறகு பிரைட்டன்: 15, 16, அதன்பின் 51 புள்ளியோடு ஒன்பதாம் இடம்.

இந்தப் பாதை புதியதும் அல்ல. 1974-ல் பாப் ஹூட்டன் மால்மோவுக்குப் போய் 1979-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி வரை கொண்டுபோனார். அவர் பரிந்துரையில் 1976-ல் ஹால்ம்ஸ்டாட் போன 28 வயது ஹாட்ஜ்சன் முதல் ஆண்டே பட்டம் வென்றார். இருவருமே இங்கிலாந்தில் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. ஹூட்டனை நம் ஊரிலும் தெரியும். 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனது அவர் காலத்தில்தான். சென்னையின் எஃப்.சி.க்கு 2017-18 பட்டத்தை வென்று கொடுத்த ஜான் கிரகரியும், கேரளா பிளாஸ்டர்ஸை 2016-ல் இறுதிக்குக் கொண்டுபோன ஸ்டீவ் காப்பலும் ஆங்கிலேய ஆட்டக்காரர்களே. ஆனால் அவர்கள் இங்கிலாந்தில் எல்லாம் பார்த்து முடித்து வந்தவர்கள். கற்றுக்கொள்ள வெளிநாடு போவதும் கற்றதைக் கொண்டு போவதும் ஒன்றல்ல.

இப்போது இந்த வழியில் ஒரு புதிய தடை. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் குடிமகன் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வேலை செய்யப் பணி அனுமதி வேண்டும். பாட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இன்று போக முடியாது. நான்காம் பிரிவுக் கிளப் அந்தக் காகித வேலையையும் செலவையும் ஏற்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சீசனும் வேறு: ஸ்வீடனில் வசந்தத்தில் தொடங்கி நவம்பரில் முடியும், முதல் பிரிவில் 30 ஆட்டம். நீண்ட குளிர்காலத் தயாரிப்பு கிடைக்கும். கற்கும் பயிற்சியாளருக்கு அந்த மாதங்கள் பெரும் வரம்.

சரியாகக் கற்றவரும் தவறான நாற்காலியில் உட்காரலாம். 2022 செப்டம்பர் 8-ல் செல்சி பாட்டரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸுக்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து, முப்பது பேருக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு பயிற்சி நாளில் 11-க்கு 11 ஆடவைத்தாலும் பத்துப் பேர் ஓரத்தில் நிற்பார்கள். தனித்தனியாக ஆளை மேம்படுத்துவதே தன் தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பொருந்தாத இடம் இல்லை. 31 ஆட்டம், 12 வெற்றி, 2023 ஏப்ரல் 2-ல் நீக்கம். வெஸ்ட் ஹாமிலும் ஓராண்டு நிறைவாகவில்லை. 2025 அக்டோபரில் ஸ்வீடன் தேசிய அணி அவரை அழைத்தது.

யாருக்கு எது

உங்கள் பெயர் ஊருக்கே தெரியும் என்றால், 18 வயதுக்குட்பட்டோர் அணியில் இரண்டு ஆண்டு; அதன்பின் நீங்கள் ஆடாத கிளப் ஒன்று. ஆடிய கிளப்பின் மூத்தோர் அணியை முதல் ஐந்தாண்டுக்குள் எடுக்காதீர்கள். மூன்றாம், நான்காம் பிரிவிலேயே ஆடி, ஒரே கிளப்பில் பல ஆண்டு இருந்தவர் என்றால், ஹவ் வழி: இரண்டாம் அணி, பிறகு வாய்ப்பு வரும் வரை காத்திருப்பு. கிளப் கிளப்பாக மாறியவர், எங்கும் வேர் இல்லாதவர் என்றால் பாட்டர் வழி. ஏழெட்டு ஆண்டு ஆகும், குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டும். உதவியாளர் வேலை வந்தால் எடுங்கள், ஆனால் மூன்று சீசனுக்கு மேல் அதில் நிற்காதீர்கள்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் உதவியாளர் ஒருவரின் பெயரை அதில் எழுத வைக்க வேண்டும். பாட்டரோடு பில்லி ரீட் ஓஸ்டர்சுண்டிலிருந்து ஸ்வான்சி, பிரைட்டன், செல்சி வரை வந்தார். ஹவ்வோடு ஜேசன் டிண்டால் போர்ன்மத்திலிருந்து நியூகாசில் வரை இருக்கிறார். கிளப் தனக்கு ஏற்கெனவே இருக்கும் உதவியாளரை வைத்துக்கொள்ளச் சொன்னால், அவரையும் வைத்துக்கொண்டு உங்கள் ஆளையும் கேளுங்கள். அதற்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் விட்டுக்கொடுங்கள்.